மணிக்கட்டுக்குத் தக்க வாட்ச்

செஞ்சியில் கடல் இல்லை. மரக்காணமோ புதுச்சேரியோ, எந்தப் பக்கம் போனாலும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கச் சாலை வழியே 60 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். ஊருக்கு வாய்த்தவை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகள், அவற்றை வளைத்து ஓடும் மதில், செட்டிகுளம், சக்கரகுளம், பாறையை உடைத்து இறக்கிய வயல் கிணறுகள். இருந்தும், திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் பேருந்து பிடிக்க நிற்கும் இளைஞர்களின் கையைக் கவனித்தால் ஆழ்கடலில் முக்குளிப்பவருக்கென்று உருவான வாட்ச்சின் சாயல் கண்ணில் படும். டயலைச் சுற்றி 60 நிமிடக் குறியிட்ட வளையம், இருட்டில் ஒளிரும் தடித்த முள், கனத்த எஃகு உடல். மெலிந்த கைகளில் அது மணிக்கட்டின் இரு ஓரங்களையும் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இதே சாயலில் கொஞ்சம் சின்னதாக வேண்டும் என்று கடையில் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பல ஊர்களிலும் ஒன்றுதான்: “சின்னதுன்னா லேடீஸ் மாடல்தான் சார்.” அந்தப் பதிலுக்கு வயது அதிகமில்லை. தமிழ்நாட்டு ஆண்கள் கையில் கடிகாரம் ஏறிய காலத்தின் பெரும்பகுதியில், இன்று ‘சின்னது’ என்று ஒதுக்கப்படும் அளவுதான் ஆண்களின் அளவு.

நீருக்கும் நேரத்துக்கும் இந்த மண்ணில் உள்ள உறவு கைக்கடிகாரத்துக்கு மிக முந்தியது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். அதை அளந்தது நாழிகை வட்டில். அடியில் ஊசித் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள்; துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. அரசனின் பாசறையில் நீரைக் கொண்டு நேரம் கணித்துச் சொல்வோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அந்தக் கருவி வேலை செய்யத் தண்ணீர் உள்ளே வந்தாக வேண்டும். இன்றைய கருவிக்குள் ஒரு சொட்டு வந்தாலும் கதை முடிந்தது.

1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிக் காத்துக் கிடந்த காலத்தில், ஐரோப்பாவில் சட்டைப்பைக் கடிகாரம் ஓரளவு நம்பத் தகுந்ததாக மாறியே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1675-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அதன் சமநிலைச் சக்கரத்துக்குச் சுருள்வில் சேர்த்த பிறகு வந்த முன்னேற்றம் அது. அதற்குப் பின்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கடிகாரம் ஆண்களின் பைக்குள்ளேயே இருந்தது. கையில் கட்டுவது பெண்களின் அலங்காரம் என்றுதான் அங்கே நினைத்தார்கள். அந்த நினைப்பை உடைத்தது முதல் உலகப்போர். பதுங்குகுழியில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பைக்குள் துழாவ யாருக்கும் நேரம் இல்லை. போர் முடிந்தபோது கைக்கடிகாரம் ஆண்பிள்ளைச் சாமான் ஆகிவிட்டது. அதன் குறுக்களவு பெரும்பாலும் 30 முதல் 35 மில்லிமீட்டர்.

இந்தியாவுக்கு வந்ததும் அந்த அளவுதான். சுவிட்சர்லாந்தின் ஃபேவர்-லியூபா நிறுவனம் 1865-லேயே பம்பாயில் வியாபாரத்தைத் தொடங்கியிருந்தது. நாடு விடுதலை அடைந்த பின் வந்த தலைமுறைக்கு அதன் ‘சீ சீஃப்’, ‘சீ கிங்’ வாட்ச்கள் நல்ல பழக்கம். பெயரில் கடல் அலையடிக்கும். உடலோ மெல்லியது, வட்டமானது, சுமார் 34 மில்லிமீட்டர். அதைக் கட்டிக்கொண்டு யாரும் கடலில் குதிக்கவில்லை. அலுவலகத்துக்குப் போனார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார்கள், தறி ஓட்டினார்கள். அதே நிறுவனம் 1968-இல் ஆழத்தையே முள்ளால் காட்டும் ‘பாத்தி’ என்ற முக்குளிப்புக் கடிகாரத்தைச் செய்தது என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியாத செய்தி.

பிறகு வந்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் பெங்களூரில் தயாரான முதல் தொகுதி வாட்ச்களை வெளியிட்டவர் ஜவகர்லால் நேரு. அதன் பிறகு ‘ஜனதா’ ஒரு தலைமுறையின் கையையே பிடித்துக்கொண்டது. தினமும் சாவி கொடுக்கிற வாட்ச். 35 மில்லிமீட்டர் அளவு. வெள்ளை டயல், மெல்லிய முள், தோல் வார். வட தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம் என்று அடுக்கும் பட்டியலில் வாட்ச்சும் கட்டாயம் இடம் பிடித்த காலம் அது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் விரலளவைத்தான் கேட்டு அனுப்புவார்கள். மணிக்கட்டின் அளவை யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. 35 மில்லிமீட்டர் வட்டம் ஒல்லியான கைக்கும் பொருந்தும், பருத்த கைக்கும் பொருந்தும். மலையேறி விறகு வெட்டியவரும் நெல் மண்டியில் மூட்டை தூக்கியவரும் அதைக் கட்டினால் ஆண்மை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

வெளிநாட்டு வாட்ச்சுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் அது வேறு வழியில் வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் உருவான பர்மா பஜார், சைக்கோ, சிட்டிசன் என்ற பெயர்களைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கிய இடங்களில் ஒன்று. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டியிலும் அவை இருந்தன. சாவி கொடுக்க வேண்டாம், கையசைந்தால் ஓடும், தேதியும் கிழமையும் காட்டும், இருட்டில் ‘ரேடியம்’ ஒளிரும். முக்குளிப்பு வாட்ச்சின் முகத்தை நம் ஆட்கள் பலர் முதன்முதலில் பார்த்தது இந்த வரவில்தான்.

அந்த முகம் பிறந்த கதை 1953-இல் தொடங்குகிறது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையை அமைத்த ரொபேர் மலூபியே, குளோத் ரிஃபோ இருவரும் தங்கள் தேவைகளைப் பட்டியலிட்டுக் கேட்க, பிளாங்பான் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ செய்தது. ஏறக்குறைய அதே சமயம் ரோலெக்ஸ் ‘சப்மரினர்’ செய்தது. முதுகில் கட்டிய உருளையில் எத்தனை நிமிடத்துக்குக் காற்று மிச்சம் என்பதுதான் நீருக்கடியில் உயிர்க் கணக்கு. இறங்கும் கணத்தில் வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டால், கழிந்த நிமிடத்தை முள்ளே காட்டிக் கொடுக்கும். நல்ல முக்குளிப்பு வாட்ச்சில் வளையம் இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். தெரியாமல் எதிலாவது இடித்துத் திரும்பினாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் சீக்கிரமாக மேலே வந்துவிடுவார். எண்ணி வியக்க வேண்டிய எளிமை.

இந்தக் கதையில் அளவைக் கவனிக்க வேண்டும். பிளாங்பான் சுமார் 42 மில்லிமீட்டர் என்பது உண்மை. ஆனால் தொடக்க கால சப்மரினர் 37, 38 மில்லிமீட்டர்தான். 1962-இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’வில் ஆறடிக்கு மேல் உயரமான ஷான் கானரி கட்டியிருந்ததும் அந்த அளவிலான சப்மரினரே. 1965-இல் ஜப்பானின் முதல் முக்குளிப்பு வாட்ச்சைச் சைக்கோ வெளியிட்டபோது அது 150 மீட்டர் ஆழம் தாங்கியது. குறுக்களவு ஏறக்குறைய 38. ஆழத்துக்குப் போகப் பருமன் வேண்டும் என்று அந்தப் பொறியாளர்கள் நினைக்கவில்லை. நீரைத் தடுப்பது ரப்பர் வளையமும் திருகி மூடும் சாவியும் தடித்த கண்ணாடியும்தான். டயலின் அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் பருத்தது எப்போது? ஒரு வேர் இத்தாலியில் இருக்கிறது. இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்குப் பானராய் நிறுவனம் 47 மில்லிமீட்டரில் செய்து கொடுத்தது. கலங்கிய இருண்ட நீரில், முக்குளிப்பு உடைக்கு மேலே கட்டுவதற்கான கருவி அது. 1993-இல் பானராய் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1996-இல் வந்த ‘டேலைட்’ படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் அதைக் கட்டி நடித்தார். அதன் பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு உலகமே 44, 45 என்று ஏறிக்கொண்டு போனது. போர்வீரனின் உடைக்கு மேல் கட்டிய அளவு, அரைக்கைச் சட்டைக்குக் கீழே வெறுங்கையில் வந்து உட்கார்ந்தது. நம் ஊருக்கு வந்த மலிவு விலை நகல்களும் அந்த அளவையே பிடித்துக்கொண்டன. பெரிதாக இருந்தால் விலை கூடியதாகத் தெரியும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்திருக்கும்.

அதே 1996-இல்தான் சைக்கோ இரட்டையரை வெளியிட்டது. அண்ணன் எஸ்.கே.எக்ஸ். 007, சுமார் 42 மில்லிமீட்டர். தம்பி எஸ்.கே.எக்ஸ். 013, சுமார் 38. இயந்திரம் ஒன்று, 200 மீட்டர் தாங்கும் திறன் ஒன்று, முக்குளிப்பு வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரமும் ஒன்று. அண்ணன் உலகப் புகழ் பெற்றார். தம்பியைத் தேடி வாங்கியவர்கள் சின்ன மணிக்கட்டுக்காரர்கள். 2019 வாக்கில் இரண்டின் தயாரிப்பும் நின்றபோது தம்பிக்குப் பழைய சரக்குச் சந்தையில் கிராக்கி ஏறியது. அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. டியூடர் நிறுவனம் 2018-இல் 39 மில்லிமீட்டரில் ‘பிளாக் பே 58’ஐயும், 2023-இல் தன் 1954-ஆம் ஆண்டு மாடலின் 37 மில்லிமீட்டர் அளவிலேயே ‘பிளாக் பே 54’ஐயும் கொண்டுவந்தது. சைக்கோவும் தன் ‘5 ஸ்போர்ட்ஸ்’ வரிசையில் 38 மில்லிமீட்டர் மாடலை இறக்கியது.

மெலிவுக்கும் நீர்த்தடைக்கும் பகையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஒசூரில் ஆலை போட்டது. அந்த நிறுவனத்தை வளர்த்த செர்க்ஸஸ் தேசாயின் காலத்தில் ஒசூர்ப் பொறியாளர்கள் 1.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள இயந்திரத்தைச் செய்து, 2002-இல் ‘எட்ஜ்’ என்று விற்பனைக்கு விட்டார்கள். முழு வாட்ச்சின் தடிமனே 3.5 மில்லிமீட்டர், 30 மீட்டர் நீர்த்தடையும் உண்டு. அதே டைட்டன் 2011-இல் ஃபேவர்-லியூபாவையே விலைக்கு வாங்கியது. ஆனால் 2016-க்குப் பின் டைட்டன் அந்தப் பெயரில் கொண்டுவந்தவற்றில் பல, பழைய சீ சீஃப் கட்டிய கைகள் தாங்காத அளவுக்குப் பருத்த வாட்ச்கள். இரண்டு திறமையும் ஒரே கூரைக்குள் இருந்த காலத்தில் 37 மில்லிமீட்டர் முக்குளிப்பு வாட்ச் ஒன்றை இந்தியக் கைக்கு முன்னிறுத்தியிருந்தால் எடுபட்டிருக்கும். பெரிய வாய்ப்பு தவறிப் போனது.

செஞ்சிக்காரருக்கு இந்த வாட்ச் எதற்கு என்று கேட்கலாம். வளையத்துக்கு நிலத்திலும் வேலை இருக்கிறது. சுமார் 800 அடி உயர ராஜகிரியில் கால் வைக்கும்போது குறியைத் திருப்பி வைத்தால், ஏற எவ்வளவு ஆனது, இறங்க எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் 100 மீட்டர் வாட்ச் அசையாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஒரே கோட்டை செஞ்சி. ஏறிப் பார்க்க ஆசைப்படுவோருக்கு நேரக் கணக்கு வேண்டியதுதான்.

வாங்கப் போகிறவர் முதலில் ஒரு நூலால் மணிக்கட்டைச் சுற்றி அளக்கட்டும். 16 சென்டிமீட்டருக்குப் பக்கம் வந்தால் 36 முதல் 39 மில்லிமீட்டர் போதும். அதைவிட முக்கியம், வார் மாட்டும் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரையுள்ள நீளம்; அது 46, 47-ஐத் தாண்டாமல் இருந்தால் கைக்குள் அடங்கும். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அது கை கழுவத்தான், நீந்துவதற்கு அல்ல. கிணற்றில் குதிக்கிற பழக்கம் உள்ளவர்கள் 100 மீட்டருக்குக் குறைந்து வாங்க வேண்டாம், சாவியைத் திருகி மூடாமல் இறங்கவும் வேண்டாம். செல் மாற்றக் கொடுக்கும்போது உள்ளேயிருக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். அது காய்ந்துபோனால் 200 மீட்டர் வாட்ச்சுக்குள்ளும் தண்ணீர் இறங்கும்.