கார் கதவுப் பூட்டு சிலிண்டர் மாற்றுதல்

மாருதி 800 (1983–2014) போன்ற பழைய கார்களின் கதவில் சாவி நுழையும் உருளையே லாக் சிலிண்டர். உள்ளே ஸ்பிரிங் தாங்கிய மெல்லிய தகடுகள் இருக்கும்; சரியான சாவி அவற்றை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். தகடோ சாவியோ தேய்ந்தால் பூட்டு முரண்டு பிடிக்கும்.

மாற்றுவதற்குக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, வைண்டர் கைப்பிடியையும் கதவின் உட்பக்க உறையான டோர் பேடையும் கழற்ற வேண்டும். கைப்பிடிக்குப் பின்னால் துணியைச் செருகி இப்படியும் அப்படியும் இழுத்தால் கைப்பிடியின் கிளிப் தெறித்து வரும். அதைத் தொலைத்துவிடக் கூடாது. பூட்டுப் பொறிக்குச் செல்லும் இணைப்புக் கம்பியை விடுவித்து, சிலிண்டரைப் பிடித்திருக்கும் கிளிப்பைப் பக்கவாட்டில் தள்ளினால் சிலிண்டர் வெளிப்புறமாக வந்துவிடும்.

புதிய சிலிண்டருக்குத் தனிச் சாவி வரும். பூட்டுப் பழுதுபார்ப்பவரிடம் பழைய சாவிக்கேற்பத் தகடுகளை மாற்றி அடுக்கச் சொல்வதே நல்லது. அப்போது இக்னிஷனுக்கும் கதவுக்கும் ஒரே சாவி போதும். டோர் பேடை மூடுமுன், கதவு திறந்திருக்கும்போதே சாவியைத் திருப்பிச் சோதிக்க வேண்டும்.