ரத்தக்காட்டேரியின் ஏவலாள்

ரத்தக்காட்டேரிக் கதைகளில் காட்டேரிக்கு இரையாகும் மனிதர்களைத் தவிர, உயிரோடு இருந்துகொண்டே அதற்கு ஊழியம் செய்யும் மனிதர்களும் உண்டு. எஜமான் உறங்கும் பகல் பொழுதில் அதன் சவப்பெட்டியைக் காவல் காப்பது, வீடு பார்ப்பது, வண்டி பிடிப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. கூலியாக இவர்கள் எதிர்பார்ப்பது, என்றாவது ஒருநாள் தாங்களும் சாகாவரம் பெறுவதை. விக்டோரியா அரசியின் காலத்து (1837–1901) லண்டனைக் களமாகக் கொண்ட இன்றைய மாய நாவல்களில் இந்த ஏவலாள் தவறாமல் வருகிறான். ஆனால் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட கதைகளில் அவனை முழு உருவில் பார்க்க முடியாது. அவன் உருவான வரலாறு, லட்சக்கணக்கானோர் பிறர் வீட்டில் வேலைசெய்து பிழைத்த ஒரு சமூகத்தின் வரலாற்றோடு சேர்ந்தது.

ஆங்கிலத்தின் முதல் ரத்தக்காட்டேரிக் கதையை எழுதியவரே ஒரு பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்தவர்தான். ஜான் பொலிடோரி என்ற இளம் மருத்துவர் 1816இல், தமது இருபதாவது வயதில், கவிஞர் பைரன் பிரபுவின் சொந்த மருத்துவராகவும் பயணத் துணையாகவும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது பைரனைச் சுற்றிக் கூடிய நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முயன்றதில்தான் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பைரன் பொலிடோரியை வேலையிலிருந்து விலக்கிவிட்டார். பைரன் அங்கே தொடங்கிப் பாதியில் விட்ட கதையைக் கருவாக வைத்துப் பொலிடோரி எழுதிய ‘தி வாம்பயர்’ 1819இல் ஒரு மாத இதழில் வெளிவந்தது. அதில் வரும் ரூத்வென் பிரபு அழகன், நாகரிகன், தன்னை நெருங்குகிறவர்களை உறிஞ்சி அழிப்பவன். அவனோடு ஊர் சுற்றும் இளைஞன் கடைசிவரை அவனுக்குக் கொடுத்த வாக்கால் கட்டுண்டு கிடக்கிறான். இதழ் அந்தக் கதையைப் பைரனின் பெயரிலேயே அச்சிட்டது. எழுதியவர் கையிலிருந்து கதையையும் எஜமானின் பெயரே எடுத்துக்கொண்டது. பொலிடோரி 1821இல் 25 வயதில் இறந்தார்.

அடுத்த தலைமுறையில் வீட்டு வேலை இங்கிலாந்தின் மிகப் பெரிய தொழில்களில் ஒன்றாகிவிட்டது. 1861ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுப் பணியாளர் எண்ணிக்கை 12,08,648. நெசவாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைசெய்த அத்தனை பேரையும் கூட்டினாலும் 12,08,442தான் வந்தது. இந்த ஒப்பீட்டை எடுத்துக் காட்டியவர் கார்ல் மார்க்ஸ். 1867இல் வெளியான ‘மூலதனம்’ நூலில் இது இருக்கிறது. உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் ரத்தக்காட்டேரியாக மூலதனத்தை அவர் வருணித்ததும் அதே நூலில்தான். அவர் குடும்பத்திலேயே ஹெலன் டெமுத் என்ற பெண் 1845 முதல் வேலைசெய்து வந்தார். மார்க்ஸ் இறந்தபின் அவர் நண்பர் ஏங்கெல்ஸின் வீட்டைக் கவனித்துக்கொண்ட அவர், 1890இல் இறந்தபோது ஹைகேட்டில் மார்க்ஸ் குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பெரிய மாளிகைகளில் பட்லர், எஜமானரின் உடையையும் சவரத்தையும் கவனிக்கும் அந்தரங்கப் பணியாள், சீருடை அணிந்த வாயிற்பணியாளர்கள், சமையல்காரி, சீமாட்டியின் தோழிப்பெண், பாத்திரம் தேய்க்கும் சிறுமி என்று படிநிலை நீண்டது. ஆண் பணியாளுக்கு 1777 முதலே அரசுக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க விடுதலைப் போர்ச் செலவுக்காகத் தொடங்கிய அந்த வரி 1937வரை நீடித்தது. அதனால் சீருடை போட்ட ஓர் ஆணை வாசலில் நிறுத்துவதே செல்வத்தின் விளம்பரமானது. இஸபெல்லா பீட்டன் 1861இல் நூலாக வெளியிட்ட குடும்ப நிர்வாகக் கையேடு, வருமானத்துக்கு ஏற்ப எத்தனை ஆள் வைக்கலாம் என்று அட்டவணையே போட்டுத் தந்தது. ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருமானம் உள்ள வீட்டில் சமையல்காரி, இரண்டு பணிப்பெண்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், ஓர் ஆண் பணியாள். 150, 200 பவுண்டுக்காரர் வீட்டில் எல்லா வேலைக்கும் ஒரே பெண்.

இந்தத் தொழிலில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகையினர். விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளி, இரும்புத் தட்டிக்குக் கரிமெழுகு பூசித் துலக்கி, நிலக்கரியையும் வெந்நீரையும் மாடிகளுக்குச் சுமந்து, வாசற்படியைத் தேய்த்து, சமைத்து, பரிமாறி, இரவு எல்லாரும் படுத்தபின் நிலவறையிலோ மச்சிலோ முடங்க வேண்டும். பீட்டனின் கணக்கில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஆண்டுச் சம்பளம் 9 முதல் 14 பவுண்டு. தேயிலை, சர்க்கரை, பீர் ஆகியவற்றையும் வீட்டார் கொடுத்தால் அது இன்னும் குறையும். பணியாளர்களிலேயே இரக்கத்துக்கு உரியவள் இவள்தான் என்று பீட்டனே எழுதினார். ஷ்ராப்ஷயரில் பிறந்த ஹன்னா கல்விக் என்ற பணிப்பெண் தம் அன்றாட வேலைகளை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். 1873இல் ஆர்தர் மன்பி என்ற கனவானை ரகசியமாக மணந்த பிறகும் அவர் வீட்டில் வேலைக்காரியாகவே இருந்தார். எத்தனை ஜோடி பூட்ஸ் துடைத்தார், எந்தத் தரையைத் தேய்த்தார் என்பவை அந்தக் குறிப்புகளில் வரிசையாக வருகின்றன. இந்தத் தொழிலை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம் அது.

ஆளை வீட்டோடு கட்டிப்போட்டது சம்பளத்தைவிட நடத்தைச் சான்றுதான். முந்தைய எஜமானி எழுதிக்கொடுக்கும் சான்று இல்லாமல் அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. பொய்ச் சான்று காட்டினால் 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். ஆனால் சான்று எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும் என்று எஜமானைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. பத்தாண்டு உழைப்பின் பலன், எழுத மனம் வருமா வராதா என்ற ஒருவரின் விருப்பத்தில் தொங்கியது. முதுமையில் ஓய்வூதியமோ உயிலில் சிறு தொகையோ கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அப்படியே. வாக்குக் கொடுப்பதும் கொடுத்ததை நிறைவேற்றுவதும் ஒரே கையில் இருந்த இந்த ஏற்பாட்டைத்தான் பிற்காலக் கதைகள் சாகாவரமாக நீட்டிப் பார்த்தன.

அந்தக் கை எவ்வளவு கொடியதாக மாறலாம் என்பதை 1851இல் லண்டனே பார்த்தது. ஜார்ஜ் ஸ்லோன் என்ற வழக்கறிஞரும் அவர் மனைவியும், வறியோர் இல்லத்திலிருந்து ஜேன் வில்பிரெட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவள் எலும்பும் தோலுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டபோது, பட்டினி போட்டதும் அடித்ததும் வெளிவந்தன. தம்பதிக்கு இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. பணியாளுக்கு உணவு கொடுக்கத் தவறுவதைக் குற்றமாக்கவும், வறியோர் இல்லங்களிலிருந்து வேலைக்கு அனுப்பப்படும் 16 வயதுக்கு உட்பட்டோரை அதிகாரிகள் அவ்வப்போது நேரில் போய்ப் பார்க்கவும் அதே ஆண்டு சட்டம் வந்தது. வீட்டுக் கதவுக்குள் சட்டம் நுழைந்த மிகச் சில தருணங்களில் இது ஒன்று.

கதைகளுக்குத் திரும்பினால், 1872இல் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’வில் காட்டேரிப் பெண் வண்டியும் பரிவாரமுமாக வந்து இறங்குகிறாள். அவளுடைய ஆட்கள் யார், எதற்காக ஊழியம் செய்கிறார்கள் என்று கதை சொல்வதில்லை. அந்தக் கேள்வியை உண்மையாகவே எழுப்பியது பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897). ஸ்டோக்கரும் ஒரு பெரிய மனிதரின் நிழலில் வாழ்ந்தவர். டப்ளினில் அரசு எழுத்தராக இருந்த அவர், நடிகர் ஹென்றி இர்விங்கின் அழைப்பை ஏற்று 1878இல் லண்டனுக்கு வந்து லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியானார். 1905இல் இர்விங் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அவருடைய கடிதங்கள், கணக்குகள், பயணங்கள், இரவு விருந்துகள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். தம் நாவல்களை இடையில் கிடைத்த ஓய்வில்தான் எழுதினார். நாவலின் காட்டேரிக் கோமகனான டிராகுலாவின் கம்பீரத்தில் இர்விங்கின் சாயலைப் பல ஆய்வாளர்கள் காண்கிறார்கள். அந்த நாடகக் குழு நூல் வெளியாகும் முன்பே, நாடக உரிமையைக் காக்க, 1897 மே 18 அன்று லைசியம் மேடையில் அதை வாசித்துக் காட்டியது. ஆனால் டிராகுலா வேடத்தை இர்விங் ஏற்கவே இல்லை.

நாவலின் தொடக்கப் பகுதியில் இளம் வழக்கறிஞர் ஜானதன் ஹார்க்கர் டிரான்ஸில்வேனியாக் கோட்டையில் தங்குகிறார். தங்கத் தட்டுகளும் விலையுயர்ந்த திரைச்சீலைகளும் இருக்கின்றன. வேலைக்காரர் ஒருவரும் இல்லை. பெட்டியைத் தூக்கி வந்தவர் கோமகனே. அவர் படுக்கையை விரிப்பதையும் உணவு மேசையை ஒழுங்குபடுத்துவதையும் கதவிடுக்கு வழியே ஹார்க்கர் பார்த்துவிடுகிறார். அப்படியானால் இருட்டில் தம்மை வண்டியில் அழைத்து வந்ததும் இவர்தான் என்று புரிந்ததும் அவருக்கு நடுக்கம் வருகிறது. படுக்கை விரிக்கும் பிரபு அன்றைய வாசகருக்குக் கோட்டையைச் சுற்றி ஊளையிடும் ஓநாய்களைவிடப் பெரிய அபாய அறிகுறி. டிராகுலா ஊழியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்: வழக்கறிஞர்கள், கப்பல் முகவர்கள், மண் நிரப்பிய 50 பெட்டிகளைச் சுமக்கும் லண்டன் வண்டிக்காரர்கள். யாருக்கும் முழு விவரம் தெரியாது. அந்த வண்டிக்காரர்களுக்குக் குடிக்கக் கொஞ்சம் காசு கொடுத்து விசாரித்தே எதிரிகள் பெட்டிகளின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பணிப்பெண்களை இந்த நாவல் நடத்தும் விதம் காலத்தின் கண்ணாடி. டிராகுலாவுக்கு இரையாகும் லூசி என்ற பெண்ணின் வீட்டில் அவள் தாய் இறந்த இரவில், நான்கு பணிப்பெண்களும் அபின் கலந்த மது குடித்து மயங்கிக் கிடக்கிறார்கள். லூசிக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். மயக்கம் தெளிந்த பெண்கள் வீட்டிலேயே இருந்தும், அவர்களை நம்பத் தயங்குகிறார் டாக்டர் வான் ஹெல்சிங். முன்பு அவள் காதலன் ஆர்தரும், மருத்துவர் சீவர்டும், வான் ஹெல்சிங்கும் அவளுக்கு ரத்தம் கொடுத்தார்கள். இம்முறை அமெரிக்கரான குவின்சி மாரிஸ் கொடுக்கிறார். பின்பு லூசியின் சடலத்தின் மேல் வைத்த தங்கச் சிலுவையைத் திருடியவளும் ஒரு பணிப்பெண்தான். அன்றைய எஜமானர்களின் பயம் இந்த இரண்டு காட்சிகளிலும் அப்படியே பதிந்திருக்கிறது: வீட்டுக்குள் படுத்து உறங்குகிறவர்கள், ஆனாலும் வீட்டார் அல்லாதவர்கள்.

பிற்கால ஏவலாளுக்கு முன்னோடியான ரென்ஃபீல்டு இந்த நாவலில்தான் வருகிறார். சீவர்டின் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருக்கும் 59 வயதுக்காரர். ஈக்களையும் சிலந்திகளையும் சிட்டுக்குருவிகளையும் தின்று உயிர்களைத் தமக்குள் சேர்க்கிறார். டிராகுலாவை எஜமான் என்று அழைத்து, வாக்களிக்கப்பட்ட பரிசுக்காகக் காத்திருக்கிறார். ஆனால் அவர் செய்யும் ஊழியம் மிகச் சிறியது: கட்டடத்துக்குள் வரும்படி டிராகுலாவை அழைக்கிறார், அவ்வளவே. ஹார்க்கரின் மனைவி மீனாவின் ரத்தம் குடிக்கப்படுவதை உணர்ந்ததும் எஜமானை எதிர்த்துப் பிடிக்கிறார்; முதுகெலும்பு முறிந்து சாகிறார். நாவல் அவருக்குக் கொடுத்த இந்த மறுப்பைப் பிற்காலத்தில் பலர் மறந்துவிட்டார்கள்.

ரென்ஃபீல்டு முழுநேர ஏவலாளாக மாறியது, வீட்டு வேலைத் தொழில் சரியத் தொடங்கிய பிறகு. 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டபோது, எஜமானிகள் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கூடி எதிர்த்தார்கள். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான பெண்கள் வெடிமருந்து ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள், பலர் வீட்டு வேலைக்குத் திரும்பவில்லை. அந்தப் பின்னணியில் 1922இல் முர்னாவ் எடுத்த ஜெர்மானிய மௌனப்படம் ‘நோஸ்ஃபெராட்டு’, காட்டேரிக்கு வீடு விற்கும் தரகனையே அதன் அடிமையாக்கியது. 1931இல் ஹாலிவுட்டின் ‘டிராகுலா’ இன்னும் ஒரு படி போனது: டிரான்ஸில்வேனியாவுக்குப் போகிறவரே ரென்ஃபீல்டு, அங்கேயே அடிமையாகி, கப்பலில் எஜமானின் பெட்டியோடு இங்கிலாந்து வருகிறார். ட்வைட் ஃபிரை அந்த வேடத்தில் சிரித்த சிரிப்பு பின்னால் வந்த ஏவலாட்களுக்கெல்லாம் முன்மாதிரியானது. ஹேமர் நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டுப் படத்தில் வரும் க்ளோவ் அசல் பட்லர்: மேசை விரித்து விருந்தாளிகளுக்குப் பரிமாறுகிறான், பிறகு அவர்களில் ஒருவரைக் கொன்று அந்த ரத்தத்தால் எஜமானை உயிர்ப்பிக்கிறான். ஸ்டீபன் கிங்கின் 1975ஆம் ஆண்டு நாவல் ‘சேலம்ஸ் லாட்’டில் வரும் ஸ்ட்ரேக்கர், பழம்பொருள் கடை நடத்திக்கொண்டே எஜமானுக்கு வழி செய்கிறான்.

அமெரிக்க எழுத்தாளர் கெயில் கேரிகர் 2009இல் ‘சோல்லெஸ்’ நாவலோடு தொடங்கிய வரிசை, இந்த ஏவலாளை மீண்டும் விக்டோரியா கால லண்டனுக்குக் கொண்டுபோனது. அங்கே காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் ஒளிந்து வாழ்வதில்லை. சமூகத்தில் மதிப்பான இடம் பெற்றவர்கள். காட்டேரிகளின் கூட்டங்களைச் சுற்றி ‘டிரோன்’ எனப்படும் மனிதர்கள் ஊழியம் செய்கிறார்கள். ஓநாய் மனிதர்களிடம் அதே வேலையைச் செய்கிறவர்கள் ‘கிளாவிஜர்’கள். கலையிலோ நாகரிகத்திலோ திறமை உள்ள இளைஞர்கள் இதற்கு விரும்பி வருகிறார்கள். மிகுதியான ஆன்மா உள்ளவர் மட்டுமே காட்டேரியாகவோ ஓநாய் மனிதராகவோ மாறுவதைத் தாங்கிப் பிழைக்க முடியும், அப்படி இருக்கிறதா என்பது முன்கூட்டித் தெரியாது. ஆண்டுக்கணக்கில் எஜமானின் தயவில் நின்று, கடைசியில் உயிரையே பந்தயம் வைக்க வேண்டும். அகெல்டாமா பிரபு என்ற தனிக் காட்டேரியிடம் இருக்கும் டிரோன்கள் நகரெங்கும் அலைந்து சேதி சேகரித்து வருகிறார்கள். அவர் அவர்களைப் பிள்ளைகளைப் போலப் பேணுகிறார். நல்ல எஜமான், கெட்ட எஜமான் என்ற வேறுபாடு அந்த நாவல்களில் நிறையவே உண்டு. வாக்கை நிறைவேற்றும் அதிகாரம் மட்டும், நடத்தைச் சான்று எழுதிய காலத்தைப் போலவே, கடைசிவரை எஜமான் பக்கமே இருக்கிறது.