ஹார்மோன் ஊசி போட்ட இடத்தில் கட்டி: புற்றுநோய் பரவிவிட்டதா?

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்கள் சிலருக்கு, ஊசி ஏறிய இடத்தில் ஒரு கட்டி தங்கிவிடுகிறது. தொட்டால் கொண்டைக்கடலை போல உருளும். சிலருக்கு நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். வாரங்கள் போனாலும் கரையாதபோது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அப்பாவுக்கு வயித்துக்கும் பரவிடுச்சா?"

பெரும்பாலும் இல்லை. அது மருந்தும், மருந்தைச் சுமந்து வந்த பொருளும், அதற்கு உடல் காட்டும் எதிர்வினையும் சேர்ந்த வீக்கம். ஆனால், எல்லாக் கட்டியையும் "தானா போயிடும்" என்று விட்டுவிடவும் முடியாது. எதற்குப் பொறுக்கலாம், எதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

இந்த ஊசி எதற்காக?

மலேசிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், நுரையீரலுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருப்பது புரோஸ்டேட் புற்றுநோய். இந்த நோய் வளர, டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோன் தீனி போடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் இதை 1941இல் நிரூபித்தார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஹார்மோனைக் குறைக்க விதைகளை அறுவை சிகிச்சையால் அகற்றினார்கள். இன்று பெரும்பாலோருக்கு ஊசிதான். மூளையிலிருந்து விதைகளுக்குப் போகும் கட்டளையை அது நிறுத்துகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். அதனால்தான் தேதி தவறாமல் ஊசி போடச் சொல்கிறார்கள்.

கட்டி ஏன் வருகிறது?

இது காய்ச்சலுக்குப் போடும் ஊசி மாதிரி உடனே ரத்தத்தில் கலந்துவிடுவது இல்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஏன், ஆறு மாதம் வரைகூட மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். அதற்காகத் தோலுக்கு அடியிலோ தசையிலோ ஒரு சிறு மருந்துக் கிடங்கை வைக்கிறார்கள்.

கோசெரலின்: சோலடெக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அரிசி மணி போன்ற திட உருளையை, தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். 3.6 மில்லிகிராம் என்றால் 28 நாளுக்கு ஒருமுறை, 10.8 மில்லிகிராம் என்றால் 12 வாரத்துக்கு ஒருமுறை. ஊசி தடிமனானது என்பதால் ரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

லியூப்ரோரெலின்: லூக்ரின், எலிகார்ட் போன்ற பெயர்களில் வருகிறது. ஒரு வகையில் மருந்து நுண்ணிய உருண்டைகளுக்குள் இருக்கும். எலிகார்ட் திரவமாக உள்ளே போய், தோலுக்கு அடியில் இறுகிக் கெட்டியாகும். அங்கே சிறு புடைப்பு தெரிவது எதிர்பார்த்ததுதான்.

டெகரெலிக்ஸ்: ஃபிர்மாகோன் என்ற பெயரில் வருவது. முதல் தடவை 120 மில்லிகிராமாக இரண்டு ஊசி, பிறகு மாதம் 80 மில்லிகிராம். உள்ளே போனதும் கூழாக மாறும். 610 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இதைப் போட்டுக்கொண்டவர்களில் 40 விழுக்காட்டினருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் போன்ற தொந்தரவு இருந்தது. லியூப்ரோரெலின் போட்டவர்களிடம் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பாலும் முதல் ஊசியோடுதான் இந்தத் தொல்லை, பிறகு குறைந்துவிடும்.

கோசெரலினிலும் லியூப்ரோரெலினிலும் மருந்தைச் சுமக்கும் பொருள், அறுவை சிகிச்சையில் தானாகக் கரையும் தையல் நூலின் இனத்தைச் சேர்ந்தது. மெல்ல மெல்லக் கரைந்துவிடும். ஆனால், சிலரின் உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. எதிர்ப்பு அணுக்கள் சுற்றி நின்று வேலி கட்டுகின்றன. அந்த வேலிதான் நீங்கள் தொட்டு உணரும் கெட்டியான கட்டி. மருத்துவர்கள் இதைக் கிரானுலோமா என்பார்கள். கிருமி எதுவும் இல்லாமலேயே சீழ் போலத் திரவம் சேர்வதும் உண்டு. சாதாரண வீக்கம் சில நாளிலோ சில வாரத்திலோ அடங்கும். கிரானுலோமா கரைய மாதக்கணக்கில் ஆகலாம்.

இன்சுலினும் போடுபவரா?

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். இன்சுலினையும் பலர் வயிற்றில்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்புத் திரண்டு, மெத்தென்ற கட்டி வரும். ஆக, கைக்குத் தட்டுப்படுவது ஹார்மோன் ஊசிக் கட்டியா, இன்சுலின் கட்டியா என்ற குழப்பம் வரலாம். எதுவாக இருந்தாலும் கட்டியின் மேல் இன்சுலின் போடாதீர்கள். மருந்து சரியாக உறிஞ்சப்படாமல், சர்க்கரை அளவு ஏறி இறங்கும். ஹார்மோன் சிகிச்சையே சர்க்கரையைக் கூட்டக்கூடியது என்பதால் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் என்ன செய்யக் கூடாது?

"எண்ணெய் தேச்சு உருவி விட்டா கரைஞ்சிடும்" என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் செய்யாதீர்கள். உருவுவதும் அழுத்துவதும் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும், மெதுவாக வெளிவர வேண்டிய மருந்தின் வேகத்தைக் குலைக்கலாம். மஞ்சள் பத்து, பச்சிலை என்று எதையும் போட வேண்டாம். ஊசியால் குத்திச் சீழ் எடுப்பது கிருமியைக் கூப்பிட்டு உள்ளே விடுவதற்குச் சமம்.

முதல் சில நாள் வலி இருந்தால், துணியில் சுற்றிய ஐஸை அழுத்தாமல் சில நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரை வேண்டுமென்றால் மருந்தாளரைக் கேட்டுவிட்டு எடுங்கள். இடுப்பு வாரும் கைலி முடிச்சும் கட்டியின் மேல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

கட்டி நாளுக்கு நாள் பெரிதாவது, சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, சீழ் வடிவது, தோல் கறுத்துப் புண்ணாவது, காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டுவது: இதில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றே காட்டுங்கள்.

கோசெரலின் போட்ட பிறகு கடுமையான வயிற்று வலி, வயிறு உப்புதல், தலைச்சுற்றல் வந்தால், உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். உடல் மெலிந்தவர்களுக்கும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அந்த மருந்து எடுக்கிறீர்கள் என்றால் ஊசிக்கு முன்பே தாதியிடம் சொல்லிவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 999ஐ அழையுங்கள்.

பயந்து ஊசியை நிறுத்தினால்?

இதுதான் உண்மையான ஆபத்து. கட்டி பெரும்பாலும் தொந்தரவு மட்டுமே. ஆனால் ஊசியைத் தவறவிட்டால் டெஸ்டோஸ்டெரோன் மறுபடி ஏறும், நோய்க்கு மறுபடி தீனி கிடைக்கும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமலேயே இது நடக்கலாம். நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாற்ற வழிகளும் உண்டு. ஊசியை வயிற்றின் இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போடலாம். வேறு மருந்துக்கு மாறலாம். தசையில் போடும் டிரிப்டோரெலினும் ஒரு தேர்வு. ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. உங்களுக்குக் கிடைக்குமா, பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு அந்தப் பழைய அறுவை சிகிச்சை இன்றும் இருக்கிறது.

சந்தேகமான கட்டி என்றால் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லலாம். கூடவே பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டெரோன் ரத்தப் பரிசோதனையும் செய்தால், மருந்து வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். கட்டி இருக்கிறது என்பதாலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

எங்கே கேட்பது?

உங்களுக்கு ஊசி போடும் சிறுநீரகவியல் அல்லது புற்றுநோய்ப் பிரிவுதான் முதல் இடம். பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தவர் பலர் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ போவார்கள். கிள்ளான்வாசிகளுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. நிபுணரைப் பார்க்கத் தேதி தூரமாக இருந்தால், பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டலாம். மருந்தின் பக்கவிளைவை, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்குப் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது.

போகும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும். ஊசியின் பெயர், அளவு, தேதி, வயிற்றின் எந்தப் பக்கம், கட்டி எப்போது தெரிந்தது என்று எழுதி வையுங்கள். கட்டியின் அருகே ஒரு 20 சென் காசை வைத்து வாரம் ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்தால், வளர்கிறதா சுருங்குகிறதா என்பதை மருத்துவர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார். வயிற்றைக் காட்டக் கூச்சப்பட்டு அப்பாவோ தாத்தாவோ மறைத்தால், அந்த நோட்டைப் பிள்ளைகள் எழுதலாம்.