சோச்சி: பனிக்கு அடியில் ஒரு வரலாறு

2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 5,000 கோடி டாலர் செலவானதாகப் பேசப்பட்ட விழா. பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த மலைப்பகுதியின் பெயர் கிராஸ்னயா பொல்யானா. தோழர்களே, அந்த மண்ணின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது சர்க்காசியர்களின் மண். காகசஸ் மலையின் இந்தப் பூர்வகுடிகள் ஜார் படையை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போரிட்டார்கள். 1864 மே 21 அன்று அதே இடத்தில்தான் ஜார் படை வெற்றி அணிவகுப்பு நடத்தியது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் கருங்கடல் வழியே ஒட்டோமான் பேரரசுக்குத் துரத்தப்பட்டார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். சோச்சிப் பகுதியில் வாழ்ந்த உபிக் மக்களின் தாய்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசென்ச், 1992இல் துருக்கியில் இறந்தார். மொழியும் அவரோடு போயிற்று.

சரியாக 150 ஆண்டுகள் கழித்து அங்கே ஒலிம்பிக். ரஷ்ய வரலாற்றைக் கொண்டாடிய தொடக்க விழாவில் சர்க்காசியர்களுக்கு இடமில்லை. அன்றே நால்சிக் நகரில் எதிர்த்து நின்றவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது.

2010இல் வேன்கூவர், நான்கு பூர்வகுடிகளை விழாவை நடத்தும் பங்காளிகளாக ஏற்றது. அப்போதும் 'திருடிய மண்ணில் ஒலிம்பிக் வேண்டாம்' என்ற முழக்கம் அங்கே ஓயவில்லை. மேடையில் இடம் கிடைப்பதும் நிலம் திரும்பக் கிடைப்பதும் ஒன்றல்ல. சர்க்காசியர்களுக்கோ அந்த மேடைகூடக் கிடைக்கவில்லை.

எந்த விழாவானாலும் முதலில் கேளுங்கள்: இந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர்கள் எங்கே?