ஹாஷ்

பொடியாக நறுக்கிய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துக் கிளறினால் அது ஹாஷ். வெட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். மட்டமான சாப்பாட்டுக் கடைக்கு ‘ஹாஷ் ஹவுஸ்’ என்று பெயர்.

1938-இல் கோலாலம்பூரில் வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர்கள் சிலர் திங்கள்தோறும் மாலையில் ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் சாப்பிட்ட சிலாங்கூர் கிளப் விடுதியின் உணவு அவ்வளவு சப்பென்று இருக்குமாம்; அதனால் அதை ‘ஹாஷ் ஹவுஸ்’ என்றே கேலி செய்வார்கள். அந்தக் கேலிப்பெயரையே சங்கத்துக்கும் வைத்து ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ ஆனார்கள். ஹாரியர் என்பது முயல் வேட்டை நாய். பெயரின் இந்தப் பாதிதான் விளையாட்டையே சொல்கிறது: ‘முயல்’ ஆனவர் முன்னே போய்க் காகிதத்துண்டோ மாவோ தூவித் தடம் போடுவார், நடுநடுவே பொய்த்தடமும் உண்டு. வேகக்காரர்கள் அதில் ஏமாந்து திரும்புவதற்குள், மூச்சு வாங்க வரும் தொப்பைக்காரர்கள் எட்டிப்பிடித்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடு! சரியான தடம் கண்டவர் ‘ஆன் ஆன்’ என்று கூவுவார். முடிவில் பியர்.

இன்று பல நாடுகளில் இச்சங்கங்கள் வாராவாரம் ஓடுகின்றன. ஹஷீஷ் என்ற போதைப்பொருளுக்கும் ஹாஷ் என்ற சொல்லுக்கும் உறவில்லை. ஹஷீஷ், உலர்ந்த புல்லைக் குறிக்கும் அரபுச் சொல்.