அம்பை 16: ஒரு நெல்லின் பயணம்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்து அம்பாசமுத்திரம் வயல்களுக்கு வருகிறது. அங்கே 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம் ஏ.எஸ்.டி. 16. சம்சாரிகளுக்கு அது 'அம்பை பதினாறு'. ஆடுதுறையின் ஏ.டி.டி. 31-க்கும் கோயம்புத்தூரின் கோ 39-க்கும் பிறந்த பிள்ளை. நூற்றுப் பதினைந்து நாளுக்குள் அறுப்புக்கு வந்துவிடும். குட்டையான, பருத்த, வெள்ளை அரிசி, இட்லிக்கு வாகானது.

ஆனால் ஒரு பலவீனம் இருந்தது. குலைநோய் ஆராய்ச்சியில், நோய்க்குத் தப்பாமல் விழும் நெல் என்று உலகெங்கும் ஒப்பீட்டுக்கு நடுவது கோ 39-ஐத்தான். அம்பை 16-உம் குலைநோய்க்கு விழுந்தது. பாக்டீரியா இலைக்கருகலுக்கும் விழுந்தது.

இந்த இரண்டு நோய்களுக்குமான காவல் வெகுதூரத்திலிருந்து வந்தது. இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ. 21 மரபணு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டுநெல்லுக்குச் சொந்தம். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், அதை வேறு எதிர்ப்பு மரபணுக்களோடு ஐ.ஆர்.பி.பி. 60 என்ற நெல்லில் சேர்த்து வைத்திருந்தது. குலைநோயைத் தடுக்கும் பை 54, வியட்நாமின் டெடெப் நெல்லிலிருந்து வந்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இவற்றை அம்பை 16-உடன் கலப்புச் செய்து, பிறந்ததை மறுபடி மறுபடி அம்பை 16-உடனேயே கலந்தார்கள்; இதுதான் பின்கலப்பு. அப்போதுதான் பழைய அரிசி குணம் திரும்பும். சிக்கல் என்னவென்றால், ஐ.ஆர்.பி.பி. 60-இல் இருக்கும் எக்ஸ்.ஏ. 13 போன்ற ஒடுங்கு மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தால் பயிரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டி.என்.ஏ. மார்க்கர் அதைக் காட்டிக்கொடுக்கும். நாற்றின் இலைத்துணுக்கை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். கருவியில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் மரபணு இருக்கும் நாற்றின் டி.என்.ஏ. தனிப் பட்டையாகத் தெரியும். அந்த நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். மரபணுவைக் கொண்டுசேர்த்தது மகரந்தம்தான்; மார்க்கர் செய்தது தேர்வு மட்டும். மூன்று பின்கலப்புகளுக்குப் பிறகு கிடைத்த, நோய் தாங்கும் வரிசைகளைப் பற்றிய ஆய்வு 2020-இல் வெளியானது.

இதே மார்க்கர் முறை அரிசியின் புரதத்துக்கும் உதவும். நெல்மணிப் புரதத்தில் பெரும்பங்கு குளூட்டலின். உடம்பு எளிதில் செரிப்பதும் அதைத்தான். ஜப்பானின் எல்.ஜி.சி.-1 நெல்லில், இரண்டு குளூட்டலின் மரபணுக்களுக்கு இடையே சுமார் 3,500 டி.என்.ஏ. இணைகள் அறுந்துபோனதால் குளூட்டலின் குறைந்தது. புரதத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்கு அது வரம். அறுபட்ட இடம் தெரிந்திருப்பதால், சந்ததிகளில் அதை மார்க்கர் வைத்தே தேடலாம். இதற்கு நேர்மாறான தேவைக்குக் கட்டாக்கின் 'சி.ஆர். தான் 310' என்ற ரகம் இருக்கிறது: ஏ.ஆர்.சி. 10075 என்ற அசாம் நெல்லின் புரதவளத்தை, நவீன் ரகத்தில் பின்கலப்பு முறையில் சேர்த்தார்கள். சாதாரண அரிசியில் ஏழெட்டு சதவீதமாக இருக்கும் புரதம் அதில் சுமார் 10 சதவீதம்.

புதுக் குணத்தைப் புது நெல்லில் கொடுத்தால், சம்சாரியும் சமையலறையும் அதை ஏற்க வருடங்கள் ஆகும். ஏற்கெனவே வயலிலும் பானையிலும் இடம்பிடித்த நெல்லில் கொடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. நோய்க்காக அம்பை 16-இல் நடந்த வேலை, புரதத்துக்காகவும் அதே அம்பை 16-இல் நடக்க வேண்டும். தினம் இட்லி தின்னும் பிள்ளைகளுக்கு, கூடுதல் புரதம் அந்த இட்லியிலேயே கிடைக்கட்டும்.