துருப்பிடித்த மூக்கு!

பழைய கார் ஒன்றுக்கு அடியில் எப்போதாவது படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? புகைக் குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒரு சமாசாரம் திருகப்பட்டு, ஒரு ஒயர் தொங்கும். மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டு முக்குவார். ஊஹும்! ‘ஜாம் ஆயிடுச்சு சார்’ என்பார். ஆக்ஸிஜன் சென்ஸர் என்கிற அந்தக் கட்டைவிரல் சாமானுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1943 ஜூலை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைத் திடீரென்று புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிச்சல், இருமல். உலகப் போர் சமயமாயிற்றே! ஜப்பான்தான் விஷவாயு வீசிவிட்டதோ என்று ஜனங்கள் நடுங்கினார்கள். உண்மையான எதிரி அவரவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான்... நான்கு சக்கரங்களோடு! கார் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த விஷக் காற்றை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் சொன்னவர், ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு விஞ்ஞானி.

1970-ல் அமெரிக்க அரசு சட்டத்தைக் கடுமையாக்க, 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் ‘கேட்டலிடிக் கன்வர்ட்டர்’ வந்தது. ஆனால், மூன்று வகை நச்சையும் ஒரே சமயத்தில் அது விழுங்க வேண்டுமானால், ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சரியாக 14.7 கிலோ காற்று வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேலைக்காகாது. அப்படியானால், புகையை முகர்ந்து பார்த்துச் சொல்ல ஒரு மூக்கு வேண்டுமே?

அதற்கான சூத்திரத்தை 1889-லேயே எழுதி வைத்துவிட்டார் ஜெர்மனியின் நெர்ன்ஸ்ட்! சூடேறிய ஸிர்கோனியா பீங்கானின் இரு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால், அங்கே மின்சாரம் பிறக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதை வைத்து சென்ஸர் தயாரித்தது. 1976-ல் வோல்வோ கார்களில் ஏறி அது கலிஃபோர்னியாவுக்குப் போனது. புகையால் திணறிய அதே மாநிலத்துக்கு!

சரி, அது ஏன் ஜாம் ஆகிறது? பாவம், ஆயுள் முழுக்க நெருப்புப் புகையில் குடியிருப்பு. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி... போதாததற்கு பனி தேசங்களில் சாலையில் கொட்டும் உப்பு வேறு. மரையும் குழாயும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இங்கே பலம் காட்டினால் வம்பு. மரை சிதைந்தால் குழாய்க்கே செலவு! முதல் நாளே, குழாய் ஆறியிருக்கும்போது துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுவார்கள். மறுநாள் இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, கையுறையோடு வேலை ஆரம்பம். தூக்கிப் போடப்போகிற சென்ஸர்தான் என்றால், ஒயரை வெட்டிவிட்டு ரிங் ஸ்பேனரை முழுசாக மாட்டலாம், வழுக்காது. முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி... தாஜா பண்ணித்தான் கழற்ற வேண்டும். புதியதின் மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ். முனையில் பட்டால் மூக்கடைத்துப் போகும்!

‘எதுக்கு இந்தப் பாடு? அப்படியே விட்டுடலாமே’ என்கிறீர்களா? செத்த மூக்கோடு ஓடும் கார் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். கன்வர்ட்டரும் சூடேறிப் பாழாகும். அதைவிட முக்கியம், பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை. அன்று லாஸ் ஏஞ்சலிஸ்வாசிகள் சுவாசித்ததை அந்தக் குழந்தையும் ஏன் சுவாசிக்க வேண்டும், சொல்லுங்கள்?